நட்டும் போல்ட்டும் கைக்குக் கிடைக்க: சில்லறைச் சாமான் டப்பாவின் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

வீட்டில் ஆணி, ஸ்க்ரூ, நட்டு, வாஷர் எல்லாம் இருக்கும். தேவைப்படும்போது மட்டும் இருக்காது. கதவுக் கீலில் ஒரு ஸ்க்ரூ விழுந்திருக்கும். அதே அளவில் இன்னொன்று கிடைக்குமா என்று டப்பாவைக் கவிழ்த்தால், அரை மணி நேரம் கழித்துத் தரையெல்லாம் ஆணி, கையில் ஒன்றுமில்லை. அந்த எரிச்சலில் முதலில் தோன்றுவது, 'நல்ல பெட்டியாக ஒன்று வாங்கிவிடலாம்' என்பதுதான். இதைப் படித்து முடிக்கும்வரையாவது வாங்காதீர்கள். நாற்பது அறை உள்ள பெட்டியை வாங்கி, முப்பத்தைந்து அறையைக் காலியாகவும் மீதி ஐந்தைப் பிதுங்கப் பிதுங்கவும் வைத்திருந்தவன் நான்.

பெட்டி போதாததால் வரும் கோளாறு உண்மையில் குறைவு. நாம் தேடும் விதம் ஒன்று, அடுக்கி வைத்த விதம் வேறொன்று. பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கீழே அறிகுறிவாரியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். பல அறிகுறிகள் ஒன்றாக இருந்தால் துருவில் தொடங்குங்கள். மற்றவை காத்திருக்கும், துரு காத்திருக்காது.

அறிகுறி 1: இருப்பது தெரியும், தேடினால் கிடைக்காது

முதலில் ஒரு சோதனை. உங்களிடம் நிச்சயமாக இருக்கும் மூன்று பொருளை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு இஞ்ச் ஆணி, சுவர் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை), சிறிய வாஷர் என்று ஏதோ மூன்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்பது அவ்வளவு முக்கியமில்லை. நேரம் எங்கே போனது என்று கவனியுங்கள்.

எந்த டப்பா என்று யோசிப்பதில் நேரம் போனால், டப்பாக்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, அல்லது உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை. தகர டப்பா, பழைய பிஸ்கட் டின் எல்லாம் உறுதியானவைதான், ஆனால் வாய் திறந்து சொல்லாது. உள்ளே தெரிகிற பாட்டிலுக்கு மாற்றுங்கள். அல்லது உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்து டப்பாவின் முன்பக்கம் பசையால் ஒட்டிவிடுங்கள். எழுதி ஒட்டுவதைவிட இது மேல். வாஷரைப் பார்த்தால் வாஷர் என்று யாருக்கும் புரியும், கண்ணாடி போட்டுத்தான் படிப்பவர்களுக்கும்.

சரியான டப்பாவை எடுத்த பிறகு உள்ளே கிளறுவதில் நேரம் போனால், போதுமான அளவு பிரிக்கவில்லை.

மூன்றாவது வகை கொஞ்சம் வேடிக்கையானது. அளவுக்கு மீறிப் பிரித்திருப்பீர்கள். 16 மி.மீ ஒரு அறை, 18 ஒரு அறை, 20 ஒரு அறை. எடுப்பது எளிது. ஆனால் மிச்சமான ஒன்றைத் திரும்ப வைக்கும்போது 'இது பதினெட்டா, இருபதா' என்று கையில் பிடித்து நின்று, கடைசியில் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். இரண்டு மாதத்தில் அந்த மேசை ஓரமே ஒரு டப்பாவாகிவிடும்.

ஆகவே, தேடும்போது உங்கள் மனதில் எழும் கேள்வி எதுவோ, அந்த அளவுக்குப் பிரித்தால் போதும். நான் ஒருநாளும் 'எம்4 (அதாவது 4 மி.மீ விட்டம்), 20 மி.மீ நீளம், தட்டைத் தலை' என்று தேடியதில்லை. 'மரத்தில் போட வேண்டும், குட்டையாக ஒன்று' என்றுதான் தேடுகிறேன். அதனால் என் முதல் பிரிவு, அது போய்ச் சேரும் இடத்தை வைத்து. கூர்முனை உள்ளவை மரத்துக்கு. தட்டை முனையோடு ஒரே பருமனில் போகிறவை நட்டுக்கு. பிளக்கோடு போகிறவை சுவருக்கு. சுத்தியலால் அடிக்கிறவை தனி. ஒவ்வொன்றிலும் ஒல்லி, பருமன் என்று இரண்டு. அதற்குள் விரல் கணுவைவிடக் குட்டை, நீளம் என்று இரண்டு. பெரும்பாலான வீடுகளுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

சேர்ந்தே பயன்படுவதைச் சேர்த்தே வையுங்கள். சுவர் பிளக்கை ஒரு பக்கமும் அதற்கான ஸ்க்ரூவை இன்னொரு பக்கமும் வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும், எடுக்க இரட்டை வேலை. அதேபோல, கட்டிலோடும் அலமாரியோடும் வந்த உதிரி போல்ட்டுகளைப் பொதுவில் கலக்காதீர்கள். ஜிப் வைத்த சிறு கவரில் போட்டு, 'கட்டில், பெரிய அறை' என்று ஒரு துண்டுச் சீட்டை உள்ளே வைத்துவிடுங்கள். கூடவே வந்த ஆலன் சாவியும் (எல் வடிவ அறுகோணக் கம்பி) அதற்குள்ளேயே இருக்கட்டும்.

சரி, இப்போது குவியலைப் பிரிக்க வேண்டும். மொத்தத்தையும் தரையில் கொட்டாதீர்கள்! கொட்டினால் அன்றைக்கே முடித்தாக வேண்டும், முடியாது. கடைசியில் இரண்டு கையாலும் அள்ளித் திரும்பப் போடுவீர்கள். ஒரு தட்டில் ஒரு கைப்பிடி மட்டும் எடுங்கள். ஐஸ் ட்ரேயோ முட்டை அட்டையோ பக்கத்தில் இருக்கட்டும். ஒரு கைப்பிடிக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஏழெட்டுக் கைப்பிடி ஆவதற்குள் உங்களிடம் எது அதிகம், எது சொற்பம் என்பது தானாகத் தெரிந்துவிடும். அப்புறம்தான் டப்பாவைப் பற்றி யோசிக்க வேண்டும். அதிகம் உள்ளதற்குப் பெரிய பாட்டில், நாலே நாலு உள்ளதற்குத் தீப்பெட்டி. டப்பாவை முதலில் வைத்துக்கொண்டு சாமானை அதற்குள் திணிக்கப் போனதால்தான் என் நாற்பது அறைப் பெட்டி அப்படி ஆனது.

தண்ணீர் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டினாலே நல்ல குவளை கிடைக்கும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதுதான் குறை. மிதமான சூட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியின் மேல் ஒரு தாளைப் போட்டு, குவளையைக் கவிழ்த்து இரண்டு மூன்று விநாடி அழுத்துங்கள். விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு உருண்டையாகிவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நட்டு, வாஷர் இரண்டுக்கும் டப்பாவே வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள எதையும் கோத்துவிடலாம். ஒரு கம்பி வளையத்தில் அளவுவாரியாகக் கோத்து ஆணியில் மாட்டினால் கண்ணுக்கு நேரே தொங்கும், கொட்டாது. பெரிய ஊக்கு ஒன்றில் இருபது வாஷர் தாராளமாகப் போகும்.

அறிகுறி 2: எடுத்தது பார்க்க அதேபோல இருக்கிறது, பொருந்த மாட்டேன் என்கிறது

நட்டு இரண்டு சுற்றுப் போய் இறுகிக்கொள்கிறது. ஸ்பேனரால் கொஞ்சம் வலுவாகத் திருப்பினால் போய்விடும் என்று தோன்றும். போகும், இரண்டின் மரையும் போகும்.

காரணம் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவும் இஞ்ச் அளவும் ஒரே டப்பாவில் கலந்திருப்பதுதான். எம்6 போல்ட்டின் விட்டம் 6 மி.மீ, கால் இஞ்ச் போல்ட்டின் விட்டம் 6.35 மி.மீ. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மரை வேறு. எம்6-இல் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1 மி.மீ. சாதாரணக் கால் இஞ்ச் போல்ட்டில் ஒரு இஞ்சுக்கு 20 மரை, அதாவது 1.27 மி.மீ. முதல் சுற்றில் இந்த வித்தியாசம் தெரியாது. மூன்றாவது சுற்றில் சண்டை வரும்.

இதைப் பிரிக்கக் கருவி எதுவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த எம்6 போல்ட் ஒன்றையும் சந்தேகப்படும் போல்ட்டையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டி, மரைக்குள் மரை அமரும்படி அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டும் ஒரே மரையானால் சீப்புப் பற்கள் கோத்ததுபோல் அமர்ந்துகொள்ளும், இடையில் வெளிச்சம் வராது. வேறானால் ஓரிடத்தில் பொருந்தி, இரண்டு மூன்று பல் தள்ளி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அந்த இடத்தில் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கை தானாகவே கண்டுபிடித்துவிடும்.

பள்ளிக்கூட அளவுகோலாலும் முடியும். பத்து மரை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். எம்3-இல் 5 மி.மீ, எம்4-இல் 7, எம்5-இல் 8, எம்6-இல் 10, எம்8-இல் 12.5. சாதாரண மரைக்கு இது கணக்கு. நுண்மரை போல்ட்டுகளும் உண்டு, அவை வீட்டு டப்பாவில் அபூர்வம். ஸ்பேனர் அளவும் உதவும்: அறுகோணத் தலையில் எம்4-க்கு 7, எம்5-க்கு 8, எம்6-க்கு 10, எம்8-க்கு 13 மி.மீ. 10 நம்பர் ஸ்பேனர்தான் எப்போதும் தொலைகிறது என்று மெக்கானிக்குகள் சொல்வது சும்மா இல்லை.

நிரந்தரமாகத் தீர்க்க ஒரு மாதிரிப் பலகை செய்துகொள்ளுங்கள். அரை அடிப் பலகையில் எம்3 முதல் எம்8 வரை ஒவ்வொரு அளவிலும் ஒரு போல்ட்டை முனை வெளியே நீட்டும்படி பொருத்துங்கள். பக்கத்திலேயே அதே அளவு நட்டு ஒன்றை, அடியில் துளையிட்டு, மரைக்குள் பசை போகாமல் ஒட்டுங்கள். கையில் கிடைத்த நட்டைப் போல்ட்டில் சுற்றிப் பார்க்கலாம், கையில் கிடைத்த போல்ட்டை நட்டில் சுற்றிப் பார்க்கலாம். விரலாலேயே கடைசி வரை ஓடினால் அளவு அதுதான். எதிலும் ஓடாதவை பெரும்பாலும் இஞ்ச் சாமான். அவற்றை ஒரு தனி பாட்டிலில் போட்டு மூடியில் சிவப்புப் புள்ளி வைத்துவிடுங்கள்.

நீளம் அளப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. தலை வெளியே துருத்தி நிற்கும் ஸ்க்ரூக்களில் தலைக்குக் கீழே இருந்துதான் நீளம். பலகையோடு சமமாக அமுங்கும் கூம்புத் தலையில் தலையையும் சேர்த்து நீளம். கடையில் 25 கேட்டு வாங்கியது வீட்டில் உள்ள 25-ஐவிடக் குட்டையாகத் தெரிந்தால், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சில போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். அது அளவு இல்லை, வலு. புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை நூறால் பெருக்கினால் அது தாங்கும் இழுவிசை மெகாபாஸ்கலில் வரும், 8.8 என்றால் 800. வண்டியிலோ பளு தாங்கும் இடத்திலோ கழற்றியவை இப்படி இருக்கும். இவற்றைத் தனியாக வையுங்கள். எண் இல்லாத போல்ட்டை அந்த இடத்தில் போட்டால் அன்றைக்கு நிற்கும், பாரம் ஏறும்போது நிற்காது.

இன்னொன்று: தலை தேய்ந்து திருப்புளி வழுக்கும் ஸ்க்ரூவைத் திரும்ப டப்பாவில் போடாதீர்கள். 'எதற்காவது ஆகும்' என்று வைப்போம். அது ஆகும் ஒரே வேலை, அவசரத்தில் கையில் வந்து மாட்டுவது.

அறிகுறி 3: அறை அறையாகப் பிரித்து வைத்தது, தானாகவே கலந்துவிடுகிறது

இது என்னை ரொம்ப நாள் படுத்தியது. மூடியுள்ள அறைப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்த் திறந்தால், எம்3 வாஷர் எல்லா அறையிலும் தூவினாற்போல் கிடக்கிறது. அக்காவின் பையன்தான் விளையாடியிருக்கிறான் என்று திட்டியும் விட்டேன். அவன் மேல் தப்பில்லை.

மூடியைச் சாத்தி, பெட்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் தெரியும். தடுப்புச் சுவரின் மேல்விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே மெல்லிய இடுக்கு. எம்3 வாஷரின் தடிமன் 0.5 மி.மீ. ஒரு மி.மீ இடுக்கு இருந்தாலே அதற்கு வாசற்கதவு மாதிரி. பெட்டி படுத்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. செங்குத்தாகத் தூக்கியதும் வாஷர்கள் எல்லாம் மூடியோரமாக வழுக்கிக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் கீழே இறங்கிவிடும்.

இடுக்கு எவ்வளவு என்று அளக்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் பட்டாணி அளவு உருண்டை செய்து தடுப்பின் மேல் வைத்து மூடியை அழுத்திச் சாத்துங்கள். திறந்து பார்த்தால் உருண்டை அப்பளமாகியிருக்கும். அந்தத் தடிமன்தான் இடுக்கு. நாலு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள், நடுவில் அதிகமாக இருக்கும், ஏனென்றால் மூடி நடுவில் உப்பியிருக்கும். பிறகு அதைவிடக் கொஞ்சம் தடிமனான நுரைத் தாளை மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பார்சலில் பொருளைச் சுற்றி வரும் வெள்ளை நுரைத் தாளே போதும். தேவைப்பட்டால் இரண்டு மடிப்பு. மூடும்போது தடுப்பின் விளிம்பு நுரையில் லேசாகப் பதிய வேண்டும். மூடியே சாத்த முடியாத அளவுக்குத் தடிமன் கூடாது; கொக்கி உடைந்துவிடும்.

கழற்றி மாட்டும் தடுப்பாக இருந்தால் அடியிலும் பாருங்கள். மெல்லிய ஆணிகள் தடுப்புக்கு அடியில் நுழைந்து பக்கத்து அறைக்குப் போகும். இனி மாற்றப் போவதில்லை என்று தீர்மானமான தடுப்புகளுக்கு அடியோரமாகச் சூட்டுப் பசை ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அறிகுறி 4: துரு

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும். நீர் என்றால் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும் என்றில்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கும். அதனால் 'மூடித்தானே வைத்திருந்தேன்' என்பது போதாது. மழைநாளில் ஈரக் காற்றோடு சேர்த்து மூடினால் ஈரத்தைத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள்.

துரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டப்பாவின் அடியில் உள்ளவை மட்டும் துருப்பிடித்திருந்தால், அடியில் ஈரம் தங்குகிறது. அட்டை, மரம், துணி எல்லாம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அட்டைப்பெட்டியை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துரு இருந்தால் அது கைவியர்வை. வேலை முடித்த கையோடு திரும்பப் போட்டவை அவை, வியர்வையின் உப்பு அவற்றில் ஒட்டியிருக்கும். துணியால் ஒரு துடை துடைத்துப் போட்டால் தீர்ந்தது.

மூடிய டப்பாக்கள் உட்பட எல்லாமே ஒரே நேரத்தில் பழுப்பேறினால், பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எனக்கு நடந்தது இது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் கழிவறை கழுவும் அமிலப் பாட்டிலும் என் ஆணி டப்பாக்களும் குடித்தனம் நடத்தின. பாட்டில் மூடித்தான் இருந்தது. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி சின்ன இடுக்கு கிடைத்தாலும் கசியும். மூன்றே மாதத்தில் பளபளவென்று இருந்த ஆணியெல்லாம் செம்மண் நிறம். கீல், இடுக்கி, அலமாரியின் கொண்டி வரைக்கும். அமிலமும் பிளீச்சும் இருக்கும் அலமாரியில் இரும்புச் சாமான் வேண்டவே வேண்டாம்.

டப்பாவில் போட சிலிக்கா ஜெல் பொட்டலம் நல்லது, புதிய செருப்புப் பெட்டியில் வருவதுபோல. ஆனால் அது நிரந்தரமாக வேலை செய்யாது. ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டால் வெறும் மணல்தான். நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது நிறைந்தது என்று தெரியும். ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நீல நிற வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருக்கும். சுமார் 120 டிகிரி செல்சியஸில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் உதிரி மணிகள் திரும்ப உயிர் பெறும். பிளாஸ்டிக் பொட்டலத்தோடு சூடாக்காதீர்கள். அடிக்கடி திறந்து மூடும் டப்பாவில் சிலிக்கா வீண். அங்கே பழைய துணித்துண்டில் தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டுச் சாமானோடு போட்டுக் குலுக்குவது மேல். மரத்துக்குப் போகும் ஸ்க்ரூக்களுக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம்; மரத்தில் கறை இறங்கி, பெயிண்ட் ஒட்டாது.

ஏற்கெனவே துருப்பிடித்தவற்றில், மேலோட்டமானதை வினிகரில் ஒரு இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். அப்படியே விட்டால் அன்று மாலையே துரு திரும்பும். இரண்டு எச்சரிக்கை. துத்தநாகப் பூச்சு உள்ள வெள்ளி நிற ஸ்க்ரூவை வினிகரில் போட்டால் குமிழி குமிழியாக வரும். துருவோடு பூச்சும் கரைகிறது என்று அர்த்தம். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சான குளோரின் வாயு வரும். மரை அரித்துப்போன அளவுக்குத் துரு இருந்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள். பளு தாங்கிய போல்ட் என்றால் மேலோட்டமான துருவுக்கே மாற்றிவிடுவது நல்லது. சிக்கனத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

அறிகுறி 5: பலகைக்கு அடியில் மாட்டிய ஜாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது விழுகிறது

அலமாரிப் பலகையின் அடியில் மூடியைத் திருகிவிட்டு, ஜாடியை அதில் மாட்டுவது பழைய வித்தை. இடம் மிச்சம், உள்ளே இருப்பது தெரியும். கெடுவது ஒரே காரணத்தால்: மூடியின் நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. ஜாடியைத் திருப்பினால் மூடியும் கூடவே சுற்றும், நாளடைவில் ஸ்க்ரூவும் தளரும். நடுவை விட்டு விலகி இரண்டு ஸ்க்ரூ போடுங்கள், தலைக்கு அடியில் வாஷரோடு. துளையை மூடியின் உள்பக்கத்திலிருந்து ஆணியால் குத்துங்கள். பிசிறு மரத்தைப் பார்த்து இருக்கும், உங்கள் விரலைக் கிழிக்காது. ஸ்க்ரூ பலகையின் தடிமனைவிடக் குட்டையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் மேலே வைத்த புத்தகத்தில் முனை குத்திய பிறகுதான் பலருக்கு நினைவு வரும்.

விழுவதற்குக் காரணம் எடை. எஃகின் அடர்த்தி கன செ.மீ-க்குச் சுமார் 7.85 கிராம். ஒரு லிட்டர் ஜாடியில் பாதிக்கு மேல் வெற்றிடம் என்று வைத்தாலும், குட்டை ஸ்க்ரூ நிரப்பினால் 3 கிலோவை எட்டும். ஐந்து ஜாடி என்றால் 15 கிலோ, அதுவும் கீழ்நோக்கி இழுக்கும் எடை. மெல்லிய துகள்பலகையில் ஸ்க்ரூ பிடிமானம் குறைவு, அதில் மாட்டாதீர்கள். கால் சுற்றிலேயே திறக்கும் மூடிகளில் மூன்று நான்கு சிறு நகங்கள்தான் ஜாடியைப் பிடித்திருக்கும். முழு மரை உள்ள மூடியாகத் தேர்ந்தெடுங்கள், அதிலும் சிறிய பிளாஸ்டிக் ஜாடி. தலைக்கு மேலே கண்ணாடி ஜாடி வேண்டாம்.

அறிகுறி 6: லேபிள் உரிந்து விழுகிறது

டப்பாவின் அடியில் முக்கோணக் குறியைப் பாருங்கள். உள்ளே 2, 4, 5 என்று இருந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். பசை அதில் சரியாகப் பிடிக்காது, எவ்வளவு நல்ல பசை என்றாலும். டேப்பை டப்பா முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை டேப்பின் மேலேயே ஒட்டுங்கள். டேப் டேப்பைப் பிடிக்கும். ஒளிபுகும் டப்பா என்றால் இன்னும் எளிது, சீட்டை உள்ளே நிறுத்தி எழுத்து வெளியே தெரியும்படி வைத்தால் முடிந்தது. மார்க்கரால் நேராக டப்பாவில் எழுதினால் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அழியும்.

லேபிளை மூடியில் ஒட்டாதீர்கள். மூடிகள் இடம் மாறும்.

அறிகுறி 7: அடியில் இருப்பதை எடுக்க முடியவில்லை

விரல் நுழையாத வாய், சதுர மூலை, தட்டையான வாஷர். மூன்றும் சேர்ந்தால் ஒரு வாஷர் எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். அடி வளைந்த கிண்ணம் மாதிரியான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். விரலால் சரித்தே எடுத்துவிடலாம்.

தரையில் கொட்டிவிட்டதை அள்ள, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வெளிப்பக்கமாகத் தடவுங்கள். ஆணிகள் கவரில் ஒட்டிக்கொள்ளும். கவரை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை உருவினால் அத்தனையும் கவருக்குள். ஒட்டாமல் தரையிலேயே கிடப்பவை பித்தளை, அலுமினியம், பெரும்பாலான துருப்பிடிக்காத எஃகு. அவற்றைத் தனி பாட்டிலில் எடுத்து வைத்தால் பிரிக்கும் வேலையில் பாதி ஓசியிலேயே முடிந்தது.

அறிகுறி 8: மாட்டி முடித்த பிறகு இரண்டு ஸ்க்ரூ மிஞ்சுகிறது

மரை கழன்றுவிட்டதோ என்று நம்மையே சந்தேகப்பட வைக்கும் விஷயம். மின்விசிறியோ மடிக்கணினியோ கழற்றும்போது எல்லா ஸ்க்ரூவையும் ஒரே மூடியில் போடுவதால் வருகிறது. ஓர் அட்டையில் பொருளின் உருவத்தைச் சும்மா கோடாக வரைந்து, எந்த இடத்திலிருந்து கழற்றினீர்களோ அந்த இடத்திலேயே ஸ்க்ரூவை அட்டையில் குத்தி வைத்துவிடுங்கள். மிஞ்சுவதைவிட ஆபத்து இடம் மாறுவதில் இருக்கிறது. 4 மி.மீ போக வேண்டிய துளையில் 7 மி.மீ போனால், உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையில் முனை குத்தி மொத்தமும் கெடும்.

அறிகுறி 9: டப்பா சூடாக இருக்கிறது

உள்ளே பேட்டரி கிடக்கிறது. 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையும் ஒரே பக்கம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஓர் ஆணி குறுக்கே விழுந்தால் போதும், சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு டப்பாவை எரியாத தரைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, ஆணியை விலக்குங்கள். பேட்டரி எதுவாக இருந்தாலும் முனையில் டேப் ஒட்டி, ஆணி டப்பாவுக்கு வெளியே வையுங்கள்.

பொத்தான் பேட்டரியும் சிறு வலுவான காந்தங்களும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தம் உள்ளே போனால் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். இரண்டிலும் வலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

அறிகுறி 10: எல்லாம் சரியாக அடுக்கினாலும் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது

எடுக்கும்போது அவசரம் இருக்கும், அதனால் ஒழுங்காக எடுப்போம். திரும்ப வைக்கும்போது வேலை முடிந்த அலுப்பு. மூன்று மூடி திறந்து மூன்று ஸ்க்ரூவை வைக்க யாருக்கும் மனம் வராது. வீட்டில் மற்றவர்கள் தரையில் கண்டெடுத்த ஸ்க்ரூவுக்கு எந்த டப்பா என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

அதற்கு ஒரே ஒரு திறந்த குவளை வையுங்கள். யார் எதைக் கண்டெடுத்தாலும் அதில் போடலாம், கேள்வி கிடையாது. ஆனால் குவளை சிறியதாக இருக்க வேண்டும். என்னுடையது தேநீர்க் கோப்பை அளவு. பெரியதாக வைத்தால் அதுவே பழைய டப்பாவாக மாறிவிடும். நிறைந்த அன்று, தொலைபேசியில் யாரோடாவது பேசிக்கொண்டே பிரித்துவிடலாம், ஒரு கைப்பிடிதான். மாதிரிப் பலகை குவளைக்கு மேலேயே தொங்கட்டும்.